கோயில் கணக்கை எச்லெட்ஜரில் எழுதுகிறோம்: தமிழில் கையேடு எழுத வார்த்தைகள் வேண்டும்

தோட்டத்துப் பொருளாளர் (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போன ஆண்டு பொருளாளராக வந்தேன். பட்டணத்திலிருந்து மோட்டாரில் கால் மணி நேரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்போது இருபது குடும்பம் இருந்தால் பெரிது. ஆனால் திருவிழா என்றால் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கே இருந்தாலும் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அதனால் பணப்புழக்கம் உண்டு. உண்டியல், அர்ச்சனை, உபயம், அன்னதான நன்கொடை, பந்தல், மேளம், மின்கட்டணம் எல்லாம் ஓடும்.

எனக்கு முன் இருந்தவர் எட்டு வருடம் பார்த்தார். நாணயமான மனிதர். உடம்புக்கு முடியாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என் கைக்கு வந்தது ஒரு பென்டிரைவ், அதில் பதினான்கு தாள்கள் கொண்ட எக்செல் கோப்பு. திருவிழாக் கணக்கில் 640 வெள்ளி (ரிங்கிட்) இடித்தது. மூன்று வாரம் உட்கார்ந்து தேடினேன். பணம் எங்கேயும் போகவில்லை. பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம் இரண்டு தாளில் கழிந்திருந்தது. சூத்திரம் இருக்க வேண்டிய ஒரு கட்டத்தில் எண்ணை நேராக அடித்துவைத்திருந்ததால் அது கண்ணில் படவே இல்லை. நான் கண்டுபிடிப்பதற்குள் ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. எட்டு வருடம் கோயிலுக்கு உழைத்தவர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எழுதியவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்கிற கணக்கு வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். தேடியதில் எச்லெட்ஜர் (hledger) என்ற கணக்கு மென்பொருள் கிடைத்தது. எழுத்துக் கோப்பில் கணக்கு எழுதும் இந்த வகைக்கு முன்னோடி ஜான் வீக்லி 2003-இல் தொடங்கிய லெட்ஜர். அதைப் பின்பற்றி 2007-இல் சைமன் மைக்கேல் ஹாஸ்கெல் மொழியில் எழுதத் தொடங்கியது எச்லெட்ஜர். இரண்டும் திறமூலம், இலவசம். கணக்கு முழுவதும் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். மென்பொருளுக்குக் கணக்கைக் கூட்டிக் காட்டுவதும் சரிபார்ப்பதும்தான் வேலை, அது கோப்பைப் பூட்டி வைப்பதில்லை. நாளைக்கு எச்லெட்ஜரே இல்லாமல் போனாலும் எங்கள் புத்தகம் எங்களிடம் இருக்கும்.

ஒரு பதிவு இப்படித்தான்:

2025-03-07 உண்டியல் திறப்பு
    சொத்து:கையிருப்பு      412.60
    வரவு:உண்டியல்         -412.60

மேலே தேதியும் காரணமும். கீழே குறைந்தது இரண்டு வரி. எல்லா வரியையும் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும், வராவிட்டால் ஏற்காது. நமக்குத் தெரிந்த இரட்டைப் பதிவு முறைதான்.

பிரச்சினை இனிமேல்தான். எச்லெட்ஜரின் ஆங்கிலக் கையேடு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஆழமானது. ஆனால் எங்கள் துணைப் பொருளாளராக இருக்கும் தங்கச்சி தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்த பிறகு ஆங்கிலத்தில் நூறு பக்கம் படி என்று நான் எப்படிச் சொல்வது? அதனால் தமிழில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன். ஒன்று, டெபிட் கிரெடிட்டுக்குப் பாடப்புத்தகச் சொற்களான பற்று, வரவு என்று போடலாமா? இன்னொன்று, உண்டியல் வருமானம் கழித்தல் குறியோடு வருவதைச் செயற்குழுவுக்கு எப்படி விளக்குவது? போன கூட்டத்தில் தாளைப் பார்த்துவிட்டு, “உண்டியலில் நஷ்டமா?” என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஈப்போ நிரலர்

அண்ணே, இந்த வேலைக்குக் கை கொடுக்க நான் தயார். முதலில் ஒன்று கேட்கிறேன். கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறீர்களே, வரவு செலவு அறிக்கை ஒழுங்காக வருகிறதா? ஆங்கிலத்தில் அசெட்ஸ், எக்ஸ்பென்ஸஸ் என்று பெயர் இருந்தால் எச்லெட்ஜர் தானாக வகை கண்டுபிடிக்கும். தமிழ்ப் பெயர் அதற்குத் தெரியாது. கோப்பின் தலையில் கணக்குகளை அறிவிக்கும்போது டைப் என்ற குறிச்சொல்லைப் போட்டு வகை சொல்ல வேண்டும். சொத்துக்கு ஏ, கடனுக்கு எல், முதலுக்கு இ, வருமானத்துக்கு ஆர், செலவுக்கு எக்ஸ். இதைச் செய்யாவிட்டால் இன்கம் ஸ்டேட்மென்ட் கட்டளை பூஜ்ஜியத்தைக் காட்டிவிட்டுப் போகும்.

உங்கள் கழித்தல் குறிப் பிரச்சினைக்கும் பாதி விடை இங்கேதான். நீங்கள் கூட்டத்தில் காட்டியது பேலன்ஸ் கட்டளையின் தாள் என்று நினைக்கிறேன். அது குறியை உள்ளது உள்ளபடி காட்டும். இன்கம் ஸ்டேட்மென்ட் கட்டளை வருமானத்தைக் கூட்டலாகத் திருப்பிக் காட்டும், செலவையும் கூட்டலாகவே காட்டும், அடியில் மிச்சம். செயற்குழுவுக்கு அதை மட்டும் கொடுங்கள்.

அப்புறம், கையேட்டின் முதல் பக்கத்திலேயே இரண்டு இடைவெளி விதியை எழுதுங்கள். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி. இதை எழுதாத கையேடு கையேடே இல்லை என்பேன்.

தோட்டத்துப் பொருளாளர்

வகை அறிவிப்புப் போடவில்லை தம்பி. இப்போது போட்டுப் பார்த்தேன், அறிக்கை அழகாக வந்துவிட்டது. நன்றி. இரண்டு வாரமாக இதற்குத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு இடைவெளி விதியைக் கொஞ்சம் விளக்க முடியுமா? ஒரே இடைவெளி விட்டால் பிழை என்று சொல்லிவிடாதா?

ஈப்போ நிரலர்

சொல்லாது என்பதுதான் ஆபத்து. கணக்குப் பெயருக்குள் ஒற்றை இடைவெளி வரலாம் என்று அனுமதி இருக்கிறது, “மின் கட்டணம்” மாதிரி. அதனால் இப்படி எழுதினால்:

2025-03-08 பூ வாங்கியது
    செலவு:பூ      50.00
    சொத்து:கையிருப்பு -50.00

இரண்டாம் வரியில் ஒரு இடைவெளிதான். எச்லெட்ஜர் கணக்கின் பெயரே “கையிருப்பு -50.00” என்று எடுத்துக்கொள்ளும். தொகை எழுதாமல் விட்டதாக நினைத்து, பூஜ்ஜியம் வரவேண்டும் என்பதற்காக -50 என்று தானே நிரப்பும். பதிவு சமன்பட்டுவிடும். பிழைச் செய்தி வராது. ஆனால் உங்கள் உண்மையான கையிருப்பில் 50 வெள்ளி குறையாமல் நிற்கும், புதிதாக ஒரு விசித்திரக் கணக்கு முளைத்திருக்கும்.

இதற்கு மருந்து ஸ்டிரிக்ட் முறையில் செக் கட்டளை. அறிவிக்காத கணக்குப் பெயர் எங்கே வந்தாலும் வரி எண்ணோடு காட்டிவிடும். ஒவ்வொரு நாளும் பதிவை முடித்தவுடன் இதை ஓட்டும்படி கையேட்டில் எழுதுங்கள்.

பழைய கிராணி

பிள்ளைகள் பேசுவதைப் படித்தேன். நான் முப்பத்தோரு வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். கம்ப்யூட்டர் விஷயம் பேரன் உதவியோடுதான் புரிகிறது, ஆனால் கணக்கு எனக்குப் புரியும்.

“பற்று” என்ற சொல்லைக் கையேட்டில் போடாதீர்கள். காரணம் சொல்கிறேன். நம் தோட்டத்து ஆளுக்குப் பற்று என்றால் கடையில் கடனுக்குச் சாமான் எடுத்தது. சம்பள நாளன்று பற்றுப் புத்தகத்தைக் கடைக்காரர் தூக்கி வருவார், அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தோடு ஆள் வீட்டுக்குப் போவார். பாதிக் குடும்பம் அந்தச் சொல்லால் அழுதிருக்கிறது. கோயிலுக்குப் பணம் வந்ததைப் “பற்று” என்று எழுதினால் அம்மா கோயில் கடன் வாங்கிவிட்டது என்றுதான் கிழவர்கள் நினைப்பார்கள்.

கொடுத்த இடம் குறையும், வாங்கிய இடம் கூடும். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய கிராணி இதைத்தான் சொன்னார். குடத்திலிருந்து செம்புக்குத் தண்ணீர் ஊற்றினால் குடத்தில் குறைந்த அளவுதான் செம்பில் ஏறும். ஊற்றிய பக்கம் கழித்தல், ஏந்திய பக்கம் கூட்டல். உண்டியல் ஊற்றியது, கையிருப்பு ஏந்தியது. அதனால் உண்டியலுக்குப் பக்கத்தில் கழித்தல் குறி. இதில் நஷ்டம் எங்கே இருக்கிறது?

கணக்காய்வு அக்கா (கிள்ளான்)

கிராணி ஐயா சொன்னதை நான் தொழில் வழியாகவே ஒத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் பற்று என்றால் டெபிட், வரவு என்றால் கிரெடிட். ரொக்கக் கணக்கில் பணம் உள்ளே வந்தால் அது பற்று. ஆனால் வீட்டில், கடையில், கோயிலில் பணம் உள்ளே வந்தால் எல்லாரும் சொல்வது வரவு. நேர் எதிர். பாடச் சொல்லைக் கொண்டுவந்தால் படித்தவரும் குழம்புவார், படிக்காதவரும் குழம்புவார். எச்லெட்ஜரில் டெபிட் கிரெடிட் என்று பெயர் சொல்லத் தேவையே இல்லாமல் கூட்டல் கழித்தலில் வேலை முடிகிறது என்றால் அப்படியே விடுங்கள்.

ஆனால் எனக்கு வேறு கவலைகள் இருக்கின்றன, வெளிப்படையாகவே சொல்கிறேன். பதிவு பெற்ற கோயில் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், கணக்கறிக்கையோடு. அங்கே யாரும் உங்கள் எழுத்துக் கோப்பைக் கேட்கப் போவதில்லை. அப்புறம், யார் வேண்டுமானாலும் திறந்து எண்ணை மாற்றக்கூடிய கோப்பை நான் எப்படி நம்புவது? கடையில் கிடைக்கும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு இருக்கும். கட்டளை வரி என்றால் கறுப்புத் திரை. உங்களுக்கு அடுத்து வருபவர் அதைப் பார்த்தே ஓடிவிட்டால் எட்டு வருடம் கழித்து இன்னொரு பென்டிரைவ் கதைதானே?

தோட்டத்துப் பொருளாளர்

அக்கா, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆண்டறிக்கைக்கு வேண்டிய தொகைகள் இன்கம் ஸ்டேட்மென்ட், பேலன்ஸ் ஷீட் என்ற இரண்டு கட்டளையில் வந்துவிடுகின்றன. தமிழ் எழுத்துகள் கறுப்புத் திரையில் வரிசை கோணிக்கொள்கின்றன, உண்மைதான். கொம்பும் காலும் எத்தனை இடம் அடைக்கும் என்று திரைக்கும் நிரலுக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை. அதனால் அறிக்கையை எச்டிஎம்எல் வடிவில் கோப்பாக வெளியே எடுத்து, உலாவியில் திறந்து அச்சிடுகிறேன். அதில் நேராக இருக்கிறது. உள்கணக்காய்வாளர்கள் இரண்டு பேரும் அந்தத் தாளில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

கடை மென்பொருளைப் பற்றி: வாங்கப் பணம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு வருடம் சந்தா கட்டாமல் விட்டால் பழைய கணக்கைத் திறக்க முடியுமா என்று விற்றவரிடம் கேட்டேன். தெளிவான பதில் வரவில்லை. கோயில் கணக்கு சந்தாவில் தொங்கக்கூடாது.

யார் மாற்றினார் என்பதுதான் நியாயமான கேள்வி. இதற்குத் தம்பி பதில் சொல்லட்டும்.

ஈப்போ நிரலர்

கிட் (Git) போட்டுவிடலாம் அக்கா, கோப்பில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள். கணக்குக் கோப்பு இருக்கும் கோப்புறையைக் கிட்டில் வைத்தால், ஒவ்வொரு முறை கிட்டில் பதியும்போதும் யார், எப்போது, எந்த வரியை என்னவாக மாற்றினார் என்று நிற்கும். பழைய வரி ஒரு நிறத்தில், புதிய வரி இன்னொரு நிறத்தில் தெரியும். எழுத்துக் கோப்பு என்பதால்தான் இது இவ்வளவு தெளிவாக வருகிறது, எக்செல் கோப்பில் இப்படி வரி வரியாகப் பார்க்க முடியாது.

பழைய கிராணி

செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) நாங்கள் அழிப்பானே தொடமாட்டோம். தப்பாக எழுதினால் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம். சுரண்டி அழித்தால் மேனேஜர் புத்தகத்தை மூஞ்சியில் எறிவார். தம்பி சொல்லும் கிட் அந்தச் சிவப்புக் கோடு மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் நல்லது. கையேட்டில் அப்படியே எழுதுங்கள், எங்கள் வயசு ஆட்களுக்குப் புரியும்.

அக்காவின் கவலையில் ஒன்று மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. ரசீது எங்கே? ரப்பர்ப் பால் எடை போடும்போது தராசு எண்ணையும், பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் மெட்ரோலாக் அளவையும் அங்கேயே எழுதுவோம். ஆபீஸ் புத்தகம் அதிலிருந்து வரும். ஆபீஸ் புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் களத்துத் துண்டுத்தாள் இல்லாவிட்டால் பேச்சு நிற்காது.

கணக்காய்வு அக்கா (கிள்ளான்)

ஐயா என் வாயிலிருந்து எடுத்துவிட்டார். கிட் என்பது மாற்றத்தின் சாட்சி. செலவுக்குச் சாட்சி ரசீதுதான். இரண்டையும் இணைக்க வழி இருக்கிறதா?

ஈப்போ நிரலர்

இருக்கிறது. பதிவின் பக்கத்தில் அரைப்புள்ளி போட்டு எழுதுவது எல்லாம் குறிப்புரை. அதற்குள் ஒரு சொல், முக்காற்புள்ளி, மதிப்பு என்று எழுதினால் குறிச்சொல்லாகிவிடும்:

2025-02-11 தைப்பூச அன்னதானம், அரிசி  ; ரசீது:0412
    செலவு:அன்னதானம்      286.00
    சொத்து:கையிருப்பு     -286.00

ரசீதில் பேனாவால் 0412 என்று எண் போட்டுக் கோப்பட்டையில் செருகிவிட வேண்டும். பிறகு ரசீது எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதிவு வரும். ரசீது குறிச்சொல் இல்லாத செலவுகளை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம்.

கணக்காய்வு அக்கா (கிள்ளான்)

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இதைப் பாராட்டுகிறேன். ரசீது இல்லாத செலவுப் பட்டியலைப் பிழிந்து எடுக்க நாங்கள் நாள் கணக்கில் உட்காருவோம்.

செம்பனை லோரி

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் சொந்தமாக ஆறு ஏக்கர் செம்பனையும் ஒரு லோரியும் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக எச்லெட்ஜர்தான். எனக்கு நடந்த ஒன்றைக் கையேட்டில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

குலை விற்ற பணம் 1,000 வெள்ளி என்று நடுவில் காற்புள்ளி போட்டு எழுதினேன். மாதக் கடைசியில் வருமானம் பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு பதிவில் ஆயிரம் வெள்ளி ஒரு வெள்ளியாக நிற்கிறது! உலகத்தில் சில நாடுகளில் காற்புள்ளிதான் தசமக் குறி. அதனால் ஒரே ஒரு குறி மட்டும் இருக்கும் எண்ணைப் பார்த்தால் எச்லெட்ஜர் அதைத் தசமம் என்று எடுத்துக்கொள்ளும். 1,000.00 என்று எழுதினால் சரியாகப் புரிந்துகொள்ளும், 1,000 என்று மட்டும் எழுதினால் ஒன்று. எதிர்வரித் தொகையை அதுவே நிரப்பிக்கொண்டதால் சமன்பாட்டிலும் இடிக்கவில்லை.

கோப்பின் முதல் வரியில் டெசிமல் மார்க் என்ற அறிவிப்பைப் போட்டுப் புள்ளிதான் தசமம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த ஒரு வரி தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

தோட்டத்துப் பொருளாளர்

லோரி அண்ணே, உங்களுக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு எங்கள் கோப்பைத் தேடினேன். காற்புள்ளி எங்கேயும் போடவில்லை, தப்பித்தோம். ஆனால் தேடும்போது வேறொன்று கிடைத்தது. பேலன்ஸ் அறிக்கையில் “வரவு:நன்கொடை” இரண்டு முறை வருகிறது. இரண்டு வரி, இரண்டு தொகை. எழுத்தை எழுத்தாகப் பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. இடைவெளியும் இல்லை. ஒரு வரியில் இருப்பவை நான் அடித்தவை, மற்றதில் இருப்பவை தங்கச்சி அடித்தவை. இது என்ன?

ஈப்போ நிரலர்

நன்கொடையில் “கொ” இருக்கிறது அல்லவா? யுனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே குறியீடு என்பது ஒரு விதம். முன்னால் வரும் கொம்பு ஒரு குறியீடு, பின்னால் வரும் கால் ஒரு குறியீடு என்று இரண்டாகப் பிரித்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே “கொ”. எச்லெட்ஜருக்கு இரண்டும் வெவ்வேறு சொல். உங்கள் விசைப்பலகையும் தங்கச்சியின் விசைப்பலகையும் வேறு வேறு முறையில் அடிக்கின்றன என்று நினைக்கிறேன்.

கோப்பு முழுவதையும் ஒரு முறை சீர்ப்படுத்தி ஒரே விதத்துக்குக் கொண்டுவரச் சின்ன நிரல் எழுதி அனுப்புகிறேன். இனிமேல் ஸ்டிரிக்ட் சோதனை இதையும் பிடித்துவிடும், ஏனென்றால் தலையில் அறிவித்தது ஒரு “நன்கொடை” மட்டும்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தேடும்போது சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலும் காட்டும். “பூ” என்று கேட்டால் செலவு:பூ மட்டும் வராது, செலவு:பூசை, செலவு:பூசாரி எல்லாம் சேர்ந்து வரும். பூவோடு முடிகிறது என்று சொல்ல, கேட்கும் சொல்லின் கடைசியில் டாலர் குறி போட வேண்டும்.

சொல்லின் பகுதி பொருந்தும் என்று ஆங்கிலக் கையேடும் சொல்கிறது, ஆனால் “கொ”, “பூ” மாதிரித் தமிழ் எடுத்துக்காட்டு அங்கே கிடைக்காது. நம் எழுத்தில் கணக்கு எழுதுகிறவர்தான் இதில் இடறுவார்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் ஆறு பக்கம் எழுதுவதைவிட ஆங்கிலக் கையேட்டை முழுக்க முறையாக மொழிபெயர்த்தால் உலகத்தில் எந்தத் தமிழருக்கும் பயன்படுமே? துண்டு துண்டாக எழுதினால் நாளைக்கு ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு கலைச்சொல்லை வைத்துக்கொள்ளும்.

தோட்டத்துப் பொருளாளர்

டீச்சர், ஆசை எனக்கும் உண்டு. முதலில் அப்படித்தான் தொடங்கினேன். நாற்பது வரி மொழிபெயர்த்ததும் நிறுத்தினேன். அந்தக் கையேடு எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்கிறது: பல நாட்டு நாணயம், பங்குச் சந்தை விலை, வேலை நேரக் குறிப்பு. எங்களுக்குத் தேவை வெள்ளிக்கிழமை உண்டியல் திறந்தால் என்ன எழுதுவது, உபயக்காரர் பாதிப் பணம் கொடுத்து மீதி அடுத்த மாதம் என்றால் என்ன எழுதுவது, வங்கியில் போட்டால் என்ன எழுதுவது, அவ்வளவுதான். மேலும், மென்பொருள் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மூலக் கையேடு மாறும். மொழிபெயர்ப்பை யார் விடாமல் புதுப்பிப்பது? பழைய மொழிபெயர்ப்பு தப்பாக வழிகாட்டும். அது இல்லாததைவிட மோசம்.

ஆனால் கலைச்சொல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒரு பட்டியல் வேண்டும்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

அப்படியென்றால் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜர்னல் குறிப்பேடு, லெட்ஜர் பேரேடு, இவை பாடநூலில் நிலைத்த சொற்கள், மாற்ற வேண்டாம். கடன் என்ற சொல்தான் எனக்கு இடறுகிறது. நாம் கொடுக்க வேண்டியதும் கடன், நமக்கு வர வேண்டியதும் கடன் என்றுதான் பேச்சில் சொல்கிறோம்.

பழைய கிராணி

தரவேண்டியது, வரவேண்டியது. பழைய கடைக் கணக்குகளில் அப்படித்தான் இருக்கும். பந்தல்காரருக்கு மீதி என்றால் தரவேண்டியது. உபயக்காரரிடம் மீதி என்றால் வரவேண்டியது, அது சொத்துக்குள் போகும்.

டீச்சரம்மா, இன்னொன்றும் சொல்ல ஆசை. இங்கே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். எங்கள் அப்பாவும் கட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், ஆனால் அந்தப் பணம் கட்டிய சீட்டைத் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். என்னை உட்காரவைத்துப் படித்துக்காட்டச் சொல்வார். தன் பணத்தின் கணக்கைத் தன் மொழியில் கேட்க வேண்டும் என்று எல்லாருக்கும் இருக்கும். அதனால்தான் இந்தப் பொடியன் செய்யும் வேலையில் நான் இவ்வளவு ஒட்டிக்கொண்டேன்.

செம்பனை லோரி

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வங்கிக் கணக்கையும் ஒரு வரி சேருங்கள் பொருளாளர் அண்ணே. இப்போது நன்கொடை பாதி, கைபேசியில் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆரில் வருகிறது. வங்கி அறிக்கையைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக இறக்கினால், ஒரு விதிக் கோப்பு எழுதி இம்போர்ட் கட்டளையால் உள்ளே எடுக்கலாம். எதுவரை எடுத்தோம் என்று அது குறித்துவைத்துக்கொள்வதால் அடுத்த மாதம் அதே வரி இரண்டாம் முறை ஏறாது. பிடிஎஃப் மட்டும் கொடுக்கும் வங்கி என்றால் கையால்தான் அடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

கணக்காய்வு அக்கா (கிள்ளான்)

கையால் அடித்தாலும் மாதக் கடைசியில் வங்கி மிச்சத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்கு வசதி இருக்கிறதா?

ஈப்போ நிரலர்

தொகைக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு இருக்க வேண்டிய மிச்சத்தை எழுதிவிடலாம் அக்கா. அந்த நாளில் கணக்கில் அந்த மிச்சம் இல்லாவிட்டால் எச்லெட்ஜர் மேலே நகராது. உண்டியல் எண்ணி முடித்ததும் கைப்பெட்டியில் உள்ள பணத்தையும் எண்ணி இப்படி எழுதிவைப்பது நல்ல பழக்கம். 640 வெள்ளி இடித்தது என்றால் எந்த வாரத்தில் இடித்தது என்று அன்றைக்கே தெரிந்துவிடும், மூன்று வாரம் தேட வேண்டாம்.

கணக்காய்வு அக்கா (கிள்ளான்)

சரி. என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கையேட்டை எழுதியவரே சரிபார்க்கக்கூடாது. துணைப் பொருளாளர் பெண்ணிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காராமல் அவர் ஒரு வாரக் கணக்கை எழுதட்டும். எங்கே நின்றாரோ அந்த வரிதான் தப்பு, அவர் தப்பு இல்லை.

தோட்டத்துப் பொருளாளர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

கையேடு இப்போது ஒன்பது பக்கம். கணக்கு இருக்கும் அதே கோப்புறையில், அதுவும் வெறும் எழுத்துக் கோப்பாக, கிட்டுக்குள் இருக்கிறது. அச்சிட்ட ஒரு பிரதி கோயில் அலமாரியில் ரசீதுக் கோப்பட்டைக்கு மேலே. முதல் பக்கம் குடமும் செம்பும். இரண்டாம் பக்கம் இரண்டு இடைவெளி, டெசிமல் மார்க், நன்கொடையின் “கொ”. டீச்சரின் சொற்பட்டியல் கடைசியில். நன்கொடையாளர் பெயர்கள் கணக்கில் இருப்பதால் கோப்புறையை வெளியில் யாருக்கும் திறந்துவிடவில்லை. கையேட்டை மட்டும் பெயர்களை நீக்கிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா சொன்ன மாதிரி தங்கச்சி தனியாக எழுதினார். நான் வெளித் திண்ணையில் இருந்தேன். பழைய பொருளாளரும் அன்றைக்கு மகளோடு கோயிலுக்கு வந்திருந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் காலத்துத் திருவிழாப் பதிவைக் காட்டச் சொன்னார். பந்தல் முன்பணம் ஒரே ஒரு முறை இருப்பதை விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார்.

தங்கச்சி நின்றது ஒரே இடத்தில். “மிச்சத்தை உறுதிசெய்க” என்று எழுதியிருந்தேன். எந்த மிச்சம், யார் எண்ணிய மிச்சம் என்று கேட்டார். அந்த வரியை அவரே இப்படி மாற்றிவிட்டார்:

“பெட்டியில் உள்ள பணத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள். இருவர் எண்ணும் ஒத்தால் மட்டும் அந்தத் தொகையைச் சமக்குறிக்குப் பின்னால் எழுதுங்கள்.”